மனைக்கு முன்னால் தண்ணீரை வரையுங்கள்: வட சென்னையில் புதிதாகத் திட்டம் போடுபவர்களுக்கு

கட்டடக்கலையோ நகரமைப்போ படித்துவிட்டு வட சென்னையில் முதல் வேலைக்கு வந்திருப்பவர்கள், குடியிருப்போர் சங்கத்தில் புதிதாகப் பொறுப்பு எடுத்தவர்கள், வார்டின் பகுதி சபையில் உட்கார்ந்து "இங்கே நாம் என்ன பேசுவது" என்று விழிப்பவர்கள், இந்த மூன்று தரப்புக்கும் சேர்த்து எழுதுகிறேன். நான் பிறந்தது வியாசர்பாடி. இருபது வருடமாக இந்தப் பக்கத்தில் மனைப்பிரிவும் அடுக்குமாடியும் வரைந்து கொடுத்து வருகிறேன். எங்களுக்குப் பழகிப்போன வரிசை ஒன்று உண்டு. முதலில் எல்லை, அப்புறம் ரோடு, அப்புறம் மனை, கடைசியில் மீந்த மூலையில் ஒரு சின்ன வட்டம் போட்டு "மழைநீர்" என்று எழுதுவது. அந்த வட்டத்தை முதலில் போட்டால் மற்றதெல்லாம் எப்படி மாறும் என்பதை ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: உங்கள் தெருத் தண்ணீர் எந்த வழியில் கடலுக்குப் போகிறது?

இதற்குப் பதில் தெரியாமல் பென்சிலைத் தொடாதீர்கள். வட சென்னை தட்டையான ஊர். சரிவு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தண்ணீருக்குத் தெரியும்.

பெரம்பூர், புளியந்தோப்புப் பக்கத்துத் தண்ணீர் ஓட்டேரி நல்லா என்கிற கால்வாயில் விழுந்து, பேசின் பிரிட்ஜ் பக்கம் பக்கிங்காம் கால்வாயைச் சேருகிறது. வியாசர்பாடி, கொடுங்கையூருக்குக் கேப்டன் காட்டன் கால்வாயும் கொடுங்கையூர் கால்வாயும் இருக்கின்றன; அவையும் பக்கிங்காமில்தான் போய் முடியும். சென்னையிலிருந்து எண்ணூர் வரையுள்ள இந்தக் கால்வாய்த் துண்டு 1806இல் படகு விடுவதற்காக வெட்டியது. இன்றைக்கு அத்தனை தெருக்களின் மழைநீரையும் சாக்கடையையும் அதன் தலையில் ஏற்றி வைத்திருக்கிறோம்.

இன்னொரு வழி வெளியூர்த் தண்ணீர் வரும் வழி. புதிதாக வருகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். புழல் ஏரியின் முழு ஆழம் 21.20 அடி, கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. அது நிரம்பும் தறுவாயில் திறக்கும் உபரி நீர் நாரவாரிகுப்பம், வடகரை, கிராண்ட்லைன், சாமியார்மடம், வடபெரும்பாக்கம், கொசப்பூர், சடையங்குப்பம் வழியாகக் கொசஸ்தலையாற்றுக்குப் போகும். பூண்டி ஏரியைத் திறந்தாலோ அந்த ஆறே பெருகி வரும். மணலி புதுநகர் 2015, 2021, 2023 என்று மூன்று முறை மூழ்கியதில் அங்கே பெய்த மழையின் பங்கைவிட மேலிருந்து வந்த தண்ணீரின் பங்கு பெரிது. வானம் வெளுத்த பிறகு வீட்டுக்குள் வெள்ளம் வருவதைப் பார்த்தவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

ஆகவே ஒரு தாளில் மூன்றே மூன்று விஷயங்களை எழுதுங்கள். என் இடத்துத் தண்ணீர் முதலில் எந்தக் கால்வாயில் விழுகிறது? அது கடைசியில் எங்கே கடலைத் தொடுகிறது? எந்த ஏரியைத் திறந்தால் எனக்குப் பாதிப்பு? மூன்றாவதற்குப் பதில் "எதுவும் இல்லை" என்று வந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, ஆனாலும் இன்னொரு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: காகிதம் பேசுவதைக் கேளுங்கள்

புல எண்ணை (சர்வே நம்பர்) வைத்துக்கொண்டு புலப்படம் (அந்த எண்ணுக்குரிய நிலத்தின் அளவு வரைபடம்), அ-பதிவேடு (நிலத்தின் வகையும் உரிமையும் எழுதிய பதிவேடு), கிராம வரைபடம் மூன்றையும் எடுங்கள். பட்டாவும் புலப்படமும் இணையத்திலேயே கிடைக்கின்றன. கிராம வரைபடம்தான் முக்கியம். உங்கள் புல எண்ணை மட்டும் பார்க்காமல் சுற்றிலும் உள்ள இருபது எண்களையாவது பாருங்கள். ஏரி, தாங்கல், குட்டை, ஓடை, வாய்க்கால் என்று எழுதியிருக்கும் ஒவ்வொன்றையும் நீல நிறத்தில் தீட்டுங்கள். இப்போது அங்கே கல்யாண மண்டபம் நின்றாலும் தீட்டுங்கள். அந்த நீலக் கோடு உங்கள் மனைக்கு நடுவே போனால், அடை மழையில் தண்ணீர் அந்தப் பழைய வழியைத்தான் தேடி வரும்.

ஊர்ப் பெயரே ஒரு பத்திரம். தாங்கல் என்றால் சின்ன ஏரி. திருவொற்றியூரில் தாங்கல் என்றே ஒரு பகுதி இருக்கிறது. ஓட்டேரி என்ற பெயருக்குள் ஏரி உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் இணையதளத்தில் உங்கள் புல எண்ணுக்கு என்ன நிலப் பயன்பாடு என்று பாருங்கள். இப்போது நடப்பில் இருப்பது 2008இல் அறிவிக்கப்பட்ட இரண்டாவது முழுமைத் திட்டம். புழல் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு அதில் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. எண்ணூர்க் கழிமுகம் ஓரமாக இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிட்டு வந்து என் மேஜைக்கு எதிரே தலையில் கை வைத்தவர்கள் பல பேர்.

மூன்றாவது: மட்டம், மட்டம், மட்டம்

என்னைக் கேட்டால் மட்டம் எழுதாத வரைபடம் வெறும் கோலம். நீளம் அகலத்தை அரை அங்குலம் பிசகாமல் போடுவோம். ரோடு எவ்வளவு உயரம், கால்வாயின் அடி எவ்வளவு ஆழம் என்று கேட்டால் கொத்தனாரைப் பார்ப்போம்.

பெரிய இடமாக இருந்தால் சர்வேயரை வைத்து ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவியில் எடுங்கள், செலவைப் பார்க்காதீர்கள். சங்கத்துக்காரர்களுக்கு லெவல் டியூப் போதும். கொத்தனார் வைத்திருக்கிறாரே, தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் அந்த நீளமான பிளாஸ்டிக் குழாய், அதுதான். இரண்டு பேர், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு டேப். தெருமுனையில் அசையாத ஒரு கல்லையோ கோயில் படியையோ அடிப்படையாக வைத்துக்கொண்டு ஐந்து இடங்களில் அளந்து பாருங்கள்: ரோட்டின் நடு, வீட்டு வாசல், மழைநீர் வடிகாலின் அடி, அது போய் விழும் கால்வாயின் நீர்மட்டம், பக்கத்துத் தெருவின் நடு. வடிகாலின் அடியைவிடக் கால்வாயின் நீர்மட்டம் மேலே இருந்தால் உங்கள் வடிகால் வெளியேற்றும் வேலையைச் செய்யாது. கால்வாயை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரும்.

ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில் பல தெருக்களில் வாசல் பள்ளமாகிவிட்டது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று அரசே 2021இல் அறிவுறுத்தியது. உங்கள் தெருவுக்கு வண்டி வரும் நாளில் கையில் பழைய மட்டக் கணக்கோடு போய் நில்லுங்கள். பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. கொடுங்கையூர்ப் பக்கம் ஓர் அடுக்குமாடி. பெரிய கட்டுமானங்களுக்கு வெள்ளப் பாதிப்பு பற்றி நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். எந்த மட்டத்துக்கு இடத்தை உயர்த்த வேண்டும் என்று அதில் இருக்கும். நானும் சொன்னபடி மண்ணைக் கொட்டி உயர்த்தினேன். எங்கள் பக்கம் கச்சிதம். முதல் ஐப்பசி மழையிலேயே பின் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். போய்ப் பார்த்தபோது ஓட்டு வீட்டுத் திண்ணையில் கட்டிலை ஏற்றி வைத்து உட்கார்ந்திருந்த ஆயா ஒருவர், "உன் தண்ணிய எங்க வூட்ல கட்டி வெச்சிட்டுப் போயிட்டியேப்பா" என்றார். காகிதத்தில் நான் ஒரு தவறும் செய்யவில்லை. அந்த நிலம் அதுவரைக்கும் பின் தெருத் தண்ணீரைத் தாங்கிக்கொண்டு இருந்தது என்பதை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை. அன்றிலிருந்து, உயர்த்தும் ஒவ்வொரு கன அடிக்கும் அதே இடத்துக்குள் ஒரு கன அடி பள்ளம் விடாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

நான்காவது: மண்ணைத் தோண்டிப் பாருங்கள்

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். ஆனால் எல்லா மண்ணிலும் ஒரே குழி வேலை செய்யாது.

கடலோரம் (ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்) மணல். ஜார்ஜ் டவுனில் 1772இல் ஏழு கிணறு வெட்டி அந்தக் கால நகரத்துக்குத் தண்ணீர் கொடுத்தது இதே மாதிரி மணல் பூமியை நம்பித்தான். இங்கே மழை நேராக உள்ளே இறங்கும். உறை கிணறு ஒன்று போதும். ஆனால் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெலிதாக மிதந்துகொண்டு இருக்கிறது. ஆழமாக போர் போட்டு உறிஞ்சினால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறும். மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறி இறைத்ததால் கடல் நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. அதே மீஞ்சூருக்குப் பக்கத்தில் காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை ஓடுகிறது, நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர். நிலத்துக்குள் சும்மா கிடைத்ததைக் கெடுத்துவிட்டு, கரண்ட் செலவழித்துக் கடலிலிருந்து எடுக்கிறோம்.

பெரம்பூர், கொளத்தூர் பக்கமெல்லாம் களிமண். இரண்டடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்கள். தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுபடி ஊற்றி, குச்சியை நட்டு அரை மணிக்கு ஒரு முறை பாருங்கள். மணலில் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே காணாமல் போகும். களிமண்ணில் மறுநாள் காலையிலும் அப்படியே நிற்கும், அதற்கடுத்த வாரம் கொசு வரும். இந்த மாதிரி இடத்தில் ஜல்லி போட்ட நாலடிக் குழி வெறும் கண் துடைப்பு. களியைத் தாண்டி மணல் அடுக்கு வரை குழாய் இறக்க வேண்டும், இல்லையென்றால் மொட்டைமாடித் தண்ணீரை வடிகட்டித் தரைத்தொட்டியில் பிடித்துப் புழங்க வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழைக்குத் தொள்ளாயிரம் லிட்டருக்கு மேல் விழுகிறது. லாரிக்குக் காத்திருக்கிற வீட்டுக்கு அது என்னவென்று தெரியும்.

ஒரு எச்சரிக்கை. கொடுங்கையூர்க் குப்பைமேட்டை ஒட்டியும் மணலித் தொழிற்சாலைகளை ஒட்டியும் ரோட்டுத் தண்ணீரை நிலத்துக்குள் இறக்காதீர்கள். மாடித் தண்ணீரை மட்டும், அதுவும் முதல் மழையை வெளியே விட்ட பிறகு.

ஐந்தாவது: பத்தில் ஒரு பங்கு

சரி, இப்போது பென்சிலை எடுக்கலாம்.

3,000 சதுர மீட்டருக்கு மேல் போகும் இடத்தில் பத்து சதவீதம் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்குள் இருந்தால் நிலத்துக்குப் பதில் அதன் மதிப்பைப் பணமாகக் கட்டிவிடலாம். பல பேர் பணத்தைக் கட்டிவிட்டு இன்னும் இரண்டு மனை போடுவார்கள். ஒதுக்குகிறவர்களும் எது விற்காதோ, எது கோணல் மூலையோ அதைத்தான் ஒதுக்குவார்கள்.

நான் சொல்வது, இடத்திலேயே தாழ்வான பகுதி எது என்று மட்டக் கணக்கில் பார்த்து அதைத் திறந்தவெளியாக வையுங்கள். கணக்கு மிகவும் எளிது. ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் அதில் விழுவது சுமார் நாலு லட்சம் லிட்டர். அதே ஏக்கரில் பத்தில் ஒரு பங்கை ஒரு மீட்டர் தாழ்த்தினால் கொள்ளுவதும் நாலு லட்சம் லிட்டர். எத்தனை ஏக்கர் ஆனாலும் இந்தக் கணக்கு மாறாது: பத்தில் ஒன்று, ஒரு மீட்டர் பள்ளம், பத்து சென்டிமீட்டர் மழை. கரையைச் சரிவாக விடுவதால் கொஞ்சம் குறையும். விட்டுத்தான் ஆக வேண்டும், பிள்ளைகள் விளையாடும் இடம். பத்து மாதம் கிரிக்கெட், இரண்டு மாதம் குளம். மாநகராட்சி இப்போது ஸ்பாஞ்ச் பூங்கா என்று போடுவதும் இதே யோசனைதான். நிலம் மாநகராட்சிக்கு ஒப்படைக்கப்படுவதால், தாழ்த்துவதற்கு முன்னால் அவர்களிடம் பேசி வரைபடத்திலேயே காட்டிவிடுங்கள்.

பள்ளத்தின் அடி, பக்கத்துக் கால்வாயின் மழைக்கால நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். இல்லையென்றால் மழை வருவதற்கு முன்பே அது நிரம்பி நிற்கும். ஒரு மீட்டர் கிடைக்காத இடத்தில் அரை மீட்டர் எடுங்கள், பரப்பைக் கூட்டுங்கள்.

இதெல்லாம் சாதாரண மழைக்குத்தான். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் இரண்டே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அதை எந்தப் பூங்காவும் தாங்காது. அந்த நாளுக்காக உங்கள் மனைப்பிரிவில் ஒரு ரோடாவது கால்வாயை நோக்கிச் சரிந்து, முட்டுச்சந்தாகாமல், குறுக்கே மதில் இல்லாமல் இருக்க வேண்டும். தண்ணீர் போக ரோடு இருந்தால் அது வீட்டுக்குள் வராது. நாங்கள் இதைப் "போக்கு ரோடு" என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். மின்மாற்றி, ஜெனரேட்டர், மோட்டார் அறை மூன்றையும் அந்தப் பக்கம் வைக்காதீர்கள். தரைக்குக் கீழே கார் நிறுத்தம் கேட்டால், இந்தப் பகுதியில் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள்.

ஆறாவது: முகத்துவாரம் அடைத்தால் தெரு அடைக்கும்

பெரம்பூரில் வடிகால் கட்டுகிறவர் எண்ணூரைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? இந்தப் பக்கத்துக் கால்வாயும் ஆறும் கடைசியில் கதவைத் தட்டுவது அங்கேதான். கடல் ஏற்றம் இருக்கும் நேரத்தில் தண்ணீர் வெளியேறத் தயங்கும். புயல் நாளில் ஏறக்குறைய நின்றே விடும். முகத்துவாரத்தில் மணல் மேடு போட்டாலும் அதே கதை. கழிமுகத்தில் அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்துபோனதை எண்ணூர் மீனவர்கள் வருடக்கணக்காகச் சொல்லி வருகிறார்கள். மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் பக்கிங்காம் வழியாக அங்கே போய்ப் படர்ந்ததும் இதே பாதையில்தான்.

கொசஸ்தலையாற்று வடிநிலத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மழைநீர் வடிகால் போடுகிறார்கள். தேவையான வேலை. ஆனால் வடிகால் தண்ணீரை வேகமாகக் கீழே அனுப்பும் சாதனம். கீழே இருப்பவருக்கு அந்த வேகம் வெள்ளம். அதனால்தான் உங்கள் மனைக்குள்ளேயே தடுத்து நிறுத்தி மெதுவாக விடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். சடையங்குப்பத்துக்காரருக்கும் உங்கள் வரைபடத்தில் பங்கு உண்டு.

ஏழாவது: புழங்கிய தண்ணீர்

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். குளித்த தண்ணீரையும் கழிப்பறைத் தண்ணீரையும் கட்டும்போதே தனித்தனிக் குழாயில் பிரித்துவிடுங்கள். பிறகு சுவரை உடைத்துப் பிரிக்க யாருக்கும் மனம் வராது. குளித்த தண்ணீரைக் கல்வாழைப் பாத்தியில் விட்டால் தோட்டத்துக்கு ஆகும். பெரிய அளவில் என்ன முடியும் என்பதற்குக் கொடுங்கையூரே சாட்சி: சாக்கடை நீரைப் பல கட்டமாகச் சுத்தம் செய்து, நாளைக்கு நாலரைக் கோடி லிட்டர் வரை தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் நிலையம் 2019 முதல் அங்கே இருக்கிறது. தொழிற்சாலை அதைக் குடித்தால் ஏரித் தண்ணீர் வீட்டுக்கு மிச்சம்.

எதைச் செய்தாலும் சாக்கடையை மழைநீர் வடிகாலில் இணைக்காதீர்கள். இரவில் ஆள் வைத்து இணைத்துத் தருகிறோம் என்று ஒருவர் கட்டாயம் வருவார்.

எட்டாவது: யாரிடம், எப்போது?

தெரு வடிகால் மாநகராட்சி. குடிநீரும் சாக்கடையும் குடிநீர் வாரியம். ஆறு, ஏரி, பெரிய கால்வாய் நீர்வளத் துறை. நிலப் பயன்பாடும் பெரிய கட்டட அனுமதியும் பெருநகர வளர்ச்சிக் குழுமம். நடுவில் உள்ள சின்னக் கால்வாய்கள் சில ஒருவரிடம், சில இன்னொருவரிடம். ஆகவே உங்கள் முதல் மனுவில் "தூர் வாருங்கள்" என்று எழுதாதீர்கள். "இந்தக் கால்வாய் யார் பொறுப்பில் இருக்கிறது, கடைசியாக எப்போது தூர் வாரப்பட்டது" என்று கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டால் எழுத்தில் பதில் வரும். அந்தப் பதில்தான் அடுத்த மனுவுக்கு முதலாவது இணைப்பு.

காலமும் முக்கியம். வெள்ளம் வடிந்த கையோடு, மார்கழி தை மாதத்தில், நினைவு சூடாக இருக்கும்போதே சங்கத்தில் தீர்மானம் போடுங்கள். சித்திரை வைகாசியில் கால்வாய் வற்றியிருக்கும். அளப்பதும் தோண்டுவதும் அப்போதுதான். ஆடியில் அதிகாரியைக் கூட்டிக்கொண்டு கால்வாய் ஓரமாக ஒரு நடை. புரட்டாசியில் மனு கொடுத்தால் ஒப்பந்தக்காரருக்குத்தான் லாபம்: அள்ளிய சேற்றைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போவார், முதல் மழை அதைத் திரும்ப உள்ளே தள்ளும். அவசரத்துக்கு மாநகராட்சி எண் 1913. கூப்பிட்டால் தரும் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகி வருகிறது. கருத்துக் கேட்கும் கூட்டங்களுக்கு "தண்ணீர் தேங்குகிறது" என்று புகார் சொல்லப் போகாமல், உங்கள் வார்டின் நீல நிறக் கிராம வரைபடத்தையும் மட்டக் கணக்கையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். இந்தப் புல எண்ணில் இருந்த வாய்க்கால் நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் நீர்நிலையாகக் காட்டப்பட வேண்டும் என்று எண்ணோடு எழுதிக் கொடுங்கள். எண் இருந்தால் அதைக் கோப்பில் சேர்த்தாக வேண்டும்.

கடைசியாக ஒரு வேலை. இதற்குக் காசு செலவில்லை. அடுத்த ஐப்பசியில் தெருவில் தண்ணீர் நிற்கும்போது குடையோடு இறங்குங்கள். பத்து வீட்டுச் சுவரில் தண்ணீர் தொட்ட உயரத்தில் ஆயில் பெயின்டால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி, நேரம். வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், திட்டு வாங்காதீர்கள். மறுநாள் வடிந்ததும் ஒவ்வொரு கோட்டையும் லெவல் டியூபால் அந்தக் கோயில் படியோடு ஒப்பிட்டு நோட்டில் ஏற்றுங்கள். எங்கள் தெருவில் 2015 கோடு நீலம், 2021 பச்சை, 2023 சிவப்பு. சிவப்புக் கோடு என் மார்புக்கு நேராக இருக்கிறது.